டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனால் அரிப்பு நிற்கவில்லையே? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. முப்பதுகளில் இருக்கும் ஒரு ஆண் நேயர் எழுதியிருக்கிறார்: "டாக்டர், சிறுநீர்த் துவாரத்தில் 3 மாதமாக அரிப்பு, குறுகுறுப்பு. யூரின் டெஸ்ட், கல்ச்சர் இரண்டும் நார்மல். தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். தினமும் இரண்டு வேளை கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவுகிறேன். கழுவினதும் சுகமாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் முன்பைவிட அதிகமாகிவிடுகிறது. வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?"

ஐயா, பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கழுவினதும் சுகம், சாயங்காலம் அதிகம். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீர்க்கடுப்பு பற்றிப் பேசிய வீடியோவிலேயே சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும்: எரிகிறது, அரிக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள், எப்போது என்று சொல்லுங்கள். அந்த "எப்போது" என்ற சொல்லில்தான் முக்கால்வாசி வைத்தியம் இருக்கிறது.

சிறுநீர்த் துவாரத்தின் உள்பக்கம் நம் உதட்டின் உள்பக்கம் மாதிரி. மெல்லிய, ஈரமான சவ்வு. உதட்டுக்குள் தினமும் இரண்டு வேளை கிருமிநாசினியைத் தேய்த்தால் 3 மாதத்தில் என்ன ஆகும்? வறண்டு, வெடித்து, நமைக்கும். அங்கேயும் அதேதான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் இதமாக இருக்கும். காய்ந்ததும் அரிக்கும். கிருமி இன்னும் போகவில்லை என்று பயந்து மறுபடி கழுவுவோம்.

பல வருடங்களுக்கு முன் ஒருவர் இதே தொந்தரவுடன் வந்தார். உட்கார்ந்ததும் அவர் கையைத்தான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. பையிலிருந்து பாட்டிலை அவரே எடுத்து மேசையில் வைத்தார். எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று லேபிளில் தெளிவாகப் போட்டிருக்கிறது. அவரோ கண்மட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார். "நான் சுத்தமாகத்தானே சார் இருக்கிறேன்" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து எதுவும் எழுதவில்லை. வெறும் தண்ணீர் மட்டும் போதும், சோப்பு கூட வேண்டாம் என்று அனுப்பினேன். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

சரி, எல்லோருக்கும் இதுதான் காரணமா என்றால் இல்லை. மறுபடி அதே கேள்விக்கு வருகிறேன். எப்போது? சிறுநீர் போகும்போது எரிந்து, அடிக்கடி போக வேண்டும் போல இருந்தால் சிறுநீர்ப்பையில் தொற்றா என்று பார்ப்போம். முன்தோலுக்கு அடியில் எந்த நேரமும் அரித்து, சிவந்து, வெள்ளையாகப் படிந்தால் பூஞ்சை. அப்படி வந்தால் ரத்தத்தில் சுகர் பாருங்கள். பலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் தெரிய வருகிறது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கும் இந்தப் பூஞ்சை வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். அப்புறம், சிறுநீரகக் கல் இறங்கி வந்து சிறுநீர்ப்பை வாசலில் நின்றால், வலியும் உறுத்தலும் ஆணுறுப்பின் நுனியில் தெரியும். கல் ஒரு இடம், உறுத்தல் ஒரு இடம்.

இனி, யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி: சிறுநீர் மாதிரியை எப்படிக் கொடுப்பது? இந்த நேயர் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய "நார்மல்" அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, நடுச் சிறுநீர் பிடிக்கச் சொல்வார்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடிக்க வேண்டும். சிறுநீர்ப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அது சரியான முறை. ஆனால் தொற்று, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாயில் இருந்தால்? ஆண்களுக்கு அந்தக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர். அதன் சுவரில் ஒட்டியிருப்பதை முதலில் வரும் சிறுநீர்தான் அலசிக்கொண்டு வரும். அதையே கொட்டிவிட்டால் எதைப் பரிசோதிப்பது? அதனால் குழாய்த் தொற்றுக்கு முதல் சிறுநீர்தான் வேண்டும். ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வரும் 20, 30 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். இன்னொன்று, கிளமிடியா மாதிரியான கிருமிகள் சாதாரண யூரின் கல்ச்சரில் வளரவே வளராது. அவற்றின் மரபணுவைத் தேடும் தனிப் பரிசோதனை இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் இரண்டு நாள் போட்டுவிட்டுக் கொடுத்தாலும் கல்ச்சர் நார்மல் என்றுதான் வரலாம். இந்தத் தகவலை லேபில் கொடுக்கும் துண்டுச் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கிளமிடியா உடலுறவு மூலம் பரவுவது. பெயரைக் கேட்டதும் கூசிப் போகாதீர்கள். பலருக்கு அறிகுறியே இல்லாமல் இருக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று பெரும்பாலும் சொல்லவே முடியாது. ஒரு வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும், அந்த ஒரு வாரம் உறவும் கூடாது. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் திரும்பத் திரும்ப வரும்.

பெண்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் குழாய் 4 சென்டிமீட்டர்தான், அதனால் கிருமி எளிதாக ஏறும். ஆனால் வாசனை சோப்பு, வாசனை நாப்கின், ஈரத் துடைப்பான்கள் போதும் இதே அரிப்பைக் கொண்டுவர. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்தச் சவ்வு மெலிந்து வறண்டுவிடும். இன்ஃபெக்‌ஷன் இன்ஃபெக்‌ஷன் என்று மாதா மாதம் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். பெண்ணுறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பலருக்கு நல்ல நிவாரணம் தரும். மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

நேயருக்கு நான் சொல்வது இதுதான். 2 வாரத்துக்குக் கிருமிநாசினி, சோப்பு, பவுடர் எதுவும் வேண்டாம். முன்தோலைப் பின்னால் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவுங்கள், ஈரத்தை மெதுவாக ஒற்றி எடுங்கள், தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். தளர்ந்த பருத்தி உள்ளாடை போடுங்கள். சீழ் வருகிறதா என்று அடிக்கடி பிதுக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அதுவே உறுத்தலை ஆறவிடாது. தண்ணீர், சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவு போதும். இந்த 2 வாரத்துக்குள்ளேயே சுகரும், நான் சொன்ன முதல் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், விதைப்பையில் வலி அல்லது வீக்கம், இதில் ஏதாவது ஒன்று வந்தால் 2 வாரக் கணக்கெல்லாம் கிடையாது. கர்ப்பிணிகளும் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டால் நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.