குடும்பத்தோடு வருபவர்களுக்கு வட்டார நகரமே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வோர் குடியிருக்க ஏற்றது பெருநகரமா, வட்டார நகரமா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், வேலை, பள்ளி, கோயில், தமிழ்ச் சுற்றம் என நான்கு தூண்களை நிறுத்தி, அவை நான்கும் சிட்னியிலும் மெல்பர்னிலும்தான் உண்டு என்று வாதாடினார். "கெட்டும் பட்டணம் சேர்" என்ற பழமொழியையும் சாட்சிக்கு அழைத்தார். நான் வட்டார நகரத்தின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் வட்டாரம் என்றவுடன் செம்மண் வெளியும் ஒற்றைப் பெட்ரோல் பங்க்கும்தான் பலருடைய கண்முன் வருகின்றன. 2019 நவம்பர் 16 முதல் குடியேற்ற விதிகளின்படி சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரப் பகுதிகள் நீங்கலாக நாடு முழுவதுமே வட்டாரம்தான். பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் அடிலெய்டு, மேற்குக் கரையின் பெர்த், நாட்டின் தலைநகரான கான்பரா, ஹோபார்ட், டார்வின், நியூகாசில், வொலங்காங், ஜீலாங், பல்லாரட், பெண்டிகோ, டூவும்பா என அந்தப் பட்டியல் நீள்கிறது. வட்டாரத்தில் குடியேறுவோருக்காக மாநில அரசு பரிந்துரைக்கும் 491 என்ற தற்காலிக விசாவுக்கு, தகுதிப் புள்ளிக் கணக்கில் கூடுதலாக 15 புள்ளிகள் கிடைக்கின்றன. மாநில அரசு பரிந்துரைக்கும் 190 என்ற நிரந்தர விசாவுக்குக் கிடைப்பவை 5 மட்டுமே. விண்ணப்பிக்கவே குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும் என்ற நிலையில், அந்தப் 15 எத்தனை குடும்பங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது என்பது இந்த அவையில் பலருக்கும் தெரியும். அந்த 491 என்னும் ஐந்தாண்டு விசாவில் வந்து மூன்றாண்டு வட்டாரத்தில் வாழ்ந்தபின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். "கட்டாயத்தால்தானே அங்கே போகிறார்கள்" என்று எதிரணி கேட்கக்கூடும். விசா ஒரு குடும்பத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஆனால் கட்டாயம் தீர்ந்த பிறகும் அங்கேயே இருக்கத் தகுந்த காரணம் உண்டா என்பதே கேள்வி. உண்டு என்கிறேன்.

நண்பர் அழைத்த பழமொழிக்கு வருகிறேன். பிழைப்புக்கு வேலையும், பிள்ளைக்குப் பள்ளியும், நோய்க்கு மருத்துவமனையும் பட்டணத்தில் மட்டுமே கிடைத்த காலத்தில் பிறந்த அறிவுரை அது. அன்றைக்கு அது முழு உண்மை. ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்ச ஊதியம் நாடு முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயிக்கப்படுகிறது. அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டை டூவும்பாவிலும் செல்லும், சிட்னியின் பாரமாட்டாவிலும் செல்லும். ஜீலாங்கில் டீக்கின் பல்கலைக்கழகம், பல்லாரட்டில் ஃபெடரேஷன் பல்கலைக்கழகம், வொலங்காங்கிலும் நியூகாசிலிலும் ஊர்ப் பெயரிலேயே பல்கலைக்கழகங்கள். பழமொழி சொன்ன பட்டணத்தின் வசதிகள் அங்கே ஊரைத் தேடியே வந்துவிட்டன.

அப்படியானால் பெருநகரத்தில் புதிதாக வரும் குடும்பம் எதற்கு விலை கொடுக்கிறது? சிட்னியில் தனி வீட்டின் இடைநிலை விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பல்லாரட்டில் விலை சிட்னி விலையில் பாதிக்கும் குறைவு. அடிலெய்டிலும் பெர்த்திலும் அண்மை ஆண்டுகளில் விலை கடுமையாக ஏறியிருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் வீடு வாங்குவது பிறகு வரும் கதை. வந்து இறங்கிய முதல் மாதத்தில் வாடகை வீடு தேடும் சனிக்கிழமைக் காலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பதினைந்து நிமிடம் மட்டுமே திறந்து வைக்கப்படும் இரண்டு படுக்கையறை ஃபிளாட். வாசலிலிருந்து நடைபாதை வரை வரிசை. இடுப்பில் குழந்தையுடன் மனைவி, கையில் வங்கிக் கணக்கு அறிக்கையுடன் கணவன். விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இதற்கு முன் ஆஸ்திரேலியாவில் எங்கே வாடகைக்கு இருந்தீர்கள், அந்த ஏஜென்டின் தொலைபேசி எண் என்ன என்று கேட்டிருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப அவர்களிடம் எதுவும் இல்லை. நான்கு வார வாடகையை முன்பணமாகக் கட்டத் தயாராக இருந்தும், அவர்களைத் தெரியும் என்று சொல்ல அந்த நகரத்தில் ஓர் ஆள் இல்லை.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது, நடுவர் அவர்களே. புதிதாக வரும் குடும்பத்துக்குச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக வேண்டியது, தங்களைத் தெரிந்து வைத்திருக்கும் ஓர் ஊர். மெல்பர்னுக்கும் அடிலெய்டுக்கும் நடுவழியில், கோதுமை விளையும் சமவெளியில், நில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். அங்கிருந்த வாத்துப் பண்ணை நிறுவனத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மெல்பர்ன் ஓரத்தில் வெரிபியில் வாழ்ந்துவந்த, மியான்மரிலிருந்து அகதிகளாக வந்த கரென் இனத்தவருக்கு வேலை தேவைப்பட்டது. 2010ஆம் ஆண்டையொட்டி முதல் குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. நிறுவனத்தின் மேலாளரும் அவர் மனைவியும் ஊர்மக்களிடம் முன்கூட்டியே பேசி, வீடு தேடிக் கொடுத்து, வழித்துணையாக இருந்தார்கள். ஐந்தாண்டுகளில் கரென் மக்கள் ஏறத்தாழ இருநூறு பேர், அதாவது அந்த ஊரில் பத்தில் ஒருவர் என்றானது. அவர்களுடைய வருகை அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் நான்கு கோடி டாலருக்கு மேல் சேர்த்தது என்று 2015இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆங்கிலம் சரளமாக வராத, கையில் காசில்லாத மக்களுக்கு ஒரு சிற்றூர் இவ்வளவு செய்திருக்கிறதென்றால், பட்டமும் அனுபவமும் கொண்டு வரும் நம் குடும்பங்கள் எதற்கு அஞ்சவேண்டும்?

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி பிலோவீலா. பிரிஸ்பேனிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது; இறைச்சித் தொழிற்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும்தான் பிழைப்பு. இலங்கையிலிருந்து புகலிடம் தேடி வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அங்கே வாழ்ந்தது. கணவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை குடியேற்ற அதிகாரிகள் வீட்டுக்கு வந்து நால்வரையும் கொண்டுபோனார்கள். மெல்பர்னில் தடுப்புக்காவல், 2019 ஆகஸ்டில் நாடுகடத்த ஏற்றிய விமானம் நீதிமன்ற ஆணையால் பாதி வழியில் டார்வினில் தரையிறக்கப்பட்டது, அதன்பின் கிறிஸ்துமஸ் தீவில் காவல், இளைய குழந்தை நோயுற்றதால் பெர்த். இந்த நான்கு ஆண்டுகளும் பிலோவீலா சும்மா இருக்கவில்லை. லிபரல் நேஷனல் கட்சியே தொடர்ந்து வென்றுவந்த தொகுதி அது. ஆனாலும் அந்தக் கட்சி அங்கம் வகித்த அரசாங்கத்தையே எதிர்த்து, "எங்கள் குடும்பத்தை எங்கள் ஊருக்கே திருப்பிக் கொடுங்கள்" என்று அந்த ஊர் கேட்டது. அரசியலில் எந்த அனுபவமும் இல்லாத ஊர்ப் பெண்கள் தொடங்கிய கோரிக்கை மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் பிலோவீலாவுக்கே திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அவர்களுக்காக நாடெங்கும் பலர் குரல் கொடுத்தார்கள், சிட்னித் தமிழர்களும் மெல்பர்ன் தமிழர்களும் தெருவில் நின்றார்கள், அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் போராட்டத்தைத் தொடங்கியதும் நான்காண்டு சோராமல் தாங்கியதும் அவர்களை முகம் பார்த்துப் பழகியிருந்த அந்தச் சிற்றூர்தான். ஒரு பெருநகரத்து அடுக்குமாடியில் அதே விடியற்காலையில் அதே கதவு தட்டப்பட்டிருந்தால், எதிர்வீட்டுக்காரருக்கு அவர்கள் பெயராவது தெரிந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பள்ளியைப் பற்றி எதிரணி நிறையப் பேசியது. நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் சிட்னியின் அரசுப் பள்ளிகளைப் பெருமையோடு சொன்னது. அந்தப் பள்ளிகள் சிறந்தவைதான். ஆனால் ஆறாம் வகுப்பில் எழுதும் அந்தத் தேர்வுக்காக நான்காம் வகுப்பிலேயே குழந்தையை வார இறுதிப் பயிற்சி வகுப்பில் அடைக்கிறோம். நம் வீடுகளில் மருத்துவம் என்ற கனவு எவ்வளவு பெரியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவக் கல்லூரிகள் அரசு உதவி பெறும் இடங்களில் ஒரு பங்கைக் கிராமப்புறப் பின்னணி கொண்ட மாணவர்களுக்கு ஒதுக்கவேண்டும். தொடர்ந்து ஐந்தாண்டு, அல்லது விட்டுவிட்டுப் பத்தாண்டு, அதற்குரிய ஊரில் வாழ்ந்திருப்பதே அளவுகோல். பல்லாரட், பெண்டிகோ, டூவும்பா, ஹோபார்ட் அதற்குள் வருகின்றன. அடிலெய்டு, ஜீலாங், நியூகாசில் வருவதில்லை. விசாவுக்கு வட்டாரம் என்பது வேறு, மருத்துவக் கல்லூரிக்குக் கிராமப்புறம் என்பது வேறு. ஊரைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இரண்டு வரைபடங்களையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கோயிலுக்கும் தமிழுக்கும் நீண்ட பதில் தேவையில்லை. சிட்னியின் பெருமை என்று நண்பர் சொன்ன ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயில் வொலங்காங் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. அடிலெய்டில் ஓக்லண்ட்ஸ் பார்க்கில் பிள்ளையார் அருள்பாலிக்கிறார். அடிலெய்டிலும் கான்பராவிலும் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழைப் பாடமாக எழுதும் வாய்ப்பு சிட்னியிலும் மெல்பர்னிலும் எளிது என்பது உண்மை, அந்தப் புள்ளியை எதிரணிக்குத் தருகிறேன்.

இன்னும் இரண்டு இடங்களில் எதிரணியோடு உடன்படுகிறேன். பிள்ளைக்கு அரிய நோய் இருந்து, சிறப்பு மருத்துவரை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தால், மெல்பர்னில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு அருகில் இருப்பதுதான் முறை. அங்கே ஊர்ப்பற்றுக்கு இடமில்லை. வங்கித் தலைமையகத்தில் மட்டுமே கிடைக்கும் வேலையைச் செய்பவருக்கும் பெருநகரம் தேவைப்படலாம். ஆனால் அவருக்கும் வழி முற்றாக அடைபடவில்லை. விக்டோரியாவில் 2023 மார்ச் இறுதியிலிருந்து வட்டார ரயில்களுக்கும் மெல்பர்ன் நகரக் கட்டணத்தின் உச்சவரம்பே பொருந்துகிறது. வட்டார விசாவின் கட்டுப்பாடு இல்லாமல், வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் போகவேண்டியவர் ஜீலாங்கிலோ பல்லாரட்டிலோ குடியிருந்து ரயிலேறலாம். வெளிநாட்டில் பயின்ற மருத்துவருக்கோ நிலைமை நேரெதிர். மெடிகேர் கட்டணம் பெற அவர் பத்தாண்டு வரை ஆள் பற்றாக்குறை உள்ள பகுதிகளில்தான் பணிசெய்ய வேண்டும். செவிலியர், ஆசிரியர், முதியோர் பராமரிப்பாளர் ஆகியோரை வட்டார நகரங்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன.

கடைசியாக, நண்பரின் பேச்சில் ஒருமுறைகூட வராத ஒருவரை இந்த அவைக்கு அழைத்து வருகிறேன். விசாவின் முதன்மை விண்ணப்பதாரர் கணவன் என்றால் அது மனைவி, மனைவி என்றால் அது கணவன். ஆஸ்திரேலியாவில் பள்ளி மூன்று மணியளவில் விட்டுவிடும். குழந்தைகள் காப்பகம் பெரும்பாலும் ஆறு அல்லது ஆறரைக்குள் மூடிவிடும். சிட்னியின் மேற்குப் புறநகரில் வீடும் நகர மையத்தில் வேலையும் என்றால், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இருவரும் அப்படிப் போனால் பிள்ளையை அழைத்துவர ஆளில்லை. அதனால் ஒருவர் தன் படிப்பையும் பத்தாண்டு அனுபவத்தையும் மடித்து வைத்துவிட்டு வீட்டில் நிற்கிறார். பெரும்பாலும் அது பெண்ணாகவே இருக்கிறது. பெண்டிகோவில் அலுவலகமும் பள்ளியும் வீடும் கால்மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கிவிடும் என்பதால், அதே பெண் வேலைக்கும் போகலாம், மாலையில் நேரத்தோடு பிள்ளையின் கையையும் பிடிக்கலாம். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் வேறெதையும் கேட்கவில்லை. நீங்கள் சொல்லும் பெருநகரத்தில் அந்த இரண்டாமவர் எந்த ஆண்டு வேலைக்குத் திரும்புவார் என்பதை மட்டும் இந்த மேடையில் விளக்கிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குமாறு நடுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.