கவுண்ட் இறங்கி எத்தனை நாள் ஆகிறது?

(ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம்.

மழைக்காலத்தில் பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் பூசணம் பூத்திருக்கும். துடைப்பத்தால் தட்டினால் தூள் பறக்கும். அந்த மாதிரி வித்துகளை நாம் எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து இரண்டு, மூன்று மைக்ரான்தான். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். எனக்கும் போகிறது, ஒன்றும் ஆவதில்லை.

காரணம், உள்ளே காவல் இருக்கிறது. காற்றறையிலேயே குடியிருக்கும் விழுங்கணுக்கள், வித்து முளைப்பதற்குள் விழுங்கிவிடும். தப்பி முளைத்து இழை ஓடினால், ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வந்து அழிக்கும். கீமோ இந்த இரண்டாவது காவலை எடுத்துவிடுகிறது. ஸ்டீராய்டு முதல் காவலைத் தூங்கவைக்கிறது.

வார்டில் நீங்கள் தினமும் கேட்பது, "இன்னைக்குக் கவுண்ட் எவ்ளோ?" அதாவது, ரத்தத்தில் நியூட்ரோஃபில் எத்தனை இருக்கிறது என்பது. பூஞ்சை விஷயத்தில் அது பாதிக் கேள்விதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போய் ஐந்தாறு நாளில் ஏறிவிட்டால், பாக்டீரியாவுக்குத்தான் அதிகம் பயப்படுவோம். பத்து நாளைத் தாண்டினால் பூஞ்சையை நினைக்கத் தொடங்குவோம். ஏ.எம்.எல். என்ற வகை ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகள், நோய் திரும்பி வந்த குழந்தைகள், வேறொருவரின் மஜ்ஜை பெற்ற குழந்தைகள் இதில் முன்வரிசை.

ஒரு அம்மா கட்டில் தலைமாட்டில் நாட்காட்டித் தாளை ஒட்டி, கவுண்ட் 500க்குக் கீழே இருந்த நாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். காலை ரவுண்ட்ஸில் அவரே சொன்னார்: "பதிமூணாவது புள்ளி டாக்டர். ஆன்டிபயாட்டிக் போட்டு அஞ்சு நாளாச்சு, காய்ச்சல் விடல." பையனுக்கு இருமல் இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரே சுத்தம். சளி திரளவே வெள்ளையணு வேண்டும். அது இல்லாத உடம்பில் சளி எங்கிருந்து வரும்? சி.டி. எடுத்தோம். வலது நுரையீரலில் சுண்டைக்காய் அளவில், பூஞ்சையைச் சந்தேகிக்க வைக்கும் இரண்டு முடிச்சுகள்.

ஸ்டீராய்டு இன்னொரு விதமாக ஏமாற்றும். அதைக் கொடுக்கும்போது ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் ஏறித் தெரியும். அப்பாக்கள் சந்தோஷமாக போட்டோ எடுத்து அனுப்புவார்கள். எண்ணிக்கை இருக்கும், வேலை சரியாக நடக்காது. மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் ஆபத்து கூடும். மஜ்ஜை மாற்றிய பிறகு, வந்த மஜ்ஜை குழந்தையின் உடம்பையே தாக்கினால் மறுபடி ஸ்டீராய்டு. கவுண்ட் ஏறிவிட்டது என்று அந்தக் கட்டத்தில் நிம்மதியாக இருக்க முடியாது. ஸ்டீராய்டோடு அஸ்பரஜினேஸ் என்ற கீமோ மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை ஏறும்; 2021இல் கறுப்புப் பூஞ்சை என்று ஊரே பேசியதே, அந்த மியூகருக்குச் சர்க்கரை தோதானது.

கேன்சரே இல்லாத குழந்தைக்கும் வருவதுண்டு. சி.ஜி.டி. என்ற பிறவிக் குறைபாட்டில் வெள்ளையணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் பூஞ்சையைக் கொல்லும் ரசாயனத்தை அந்த அணுவால் தயாரிக்க முடியாது. நெறிக்கட்டி திரும்பத் திரும்பச் சீழ் வைத்த குழந்தை, நெருங்கிய உறவில் கல்யாணம் செய்த வீடு என்றால் நாங்கள் அதையும் சோதிப்போம். அந்தக் குழந்தைகளுக்கு எருக்குழியும் மக்கிய இலைக்குவியலும் ஆகவே ஆகாது.

தூசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், குழந்தைகள் வார்டுக்கு அடுத்த அறையில் டைல்ஸ் உடைத்தார்கள். ஜன்னலுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட்கூடக் கட்டவில்லை. சண்டை போட்டுத்தான் வேலையை நிறுத்தினோம். நீங்களும் போகிக்குப் பரண் தட்டும்போது, வெள்ளையடிக்கும்போது குழந்தையை வேறு வீட்டில் விடுங்கள். வழியில் கட்டட வேலை நடந்தால் என்95 போடுங்கள். சாதாரண மாஸ்க் இந்த வித்துக்குப் போதாது.

பூஞ்சைக்குத்தான் மாத்திரை இருக்கிறதே, முன்கூட்டியே கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஏ.எம்.எல். குழந்தைகளுக்கு அப்படிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் ஏ.எல்.எல். என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போகிறது. அது கல்லீரலில் உடைவதை இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகள் தடுக்கும். வின்கிரிஸ்டின் உடம்பில் தேங்கும். வயிறு உப்பிக் குடல் நின்றுபோகும், கால் வலுவிழக்கும், வலிப்புகூட வரலாம். படர்தாமரைக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்குவதும் பல நேரம் இதே மாத்திரைதான். உங்கள் பையில் இப்போது ஏதாவது அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். காபி குடிக்கும் நேரம் முழுக்க நான் இந்த மேடைக்குக் கீழேதான் நிற்பேன்.