யாருக்கு இடது?

(ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்கான தொடக்க விழாவில் பேசியது. பேச்சில் வந்த வளவளப்பைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன்.)

முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

உங்கள் பாடத்திட்டத்தை நேற்று இரவு புரட்டிப் பார்த்தேன். எழுத்துப் பயிற்சி, இசை அறிமுகம், கலை வரலாறு என்று மூன்று தாள்கள். மூன்று ஆசிரியர்கள், மூன்று அறைகள், மூன்று பரீட்சைகள். சரி, கால அட்டவணை போடுகிறவர் வேறு என்ன செய்வார்? ஆனால் இங்கிருந்து டவுன் பஸ் ஏறினால் இந்த மூன்று தாளும் ஒரே வளாகத்துக்குள் கல்லாக நிற்கின்றன. 1010இல் கட்டி முடித்தது. நான் பேசப்போவது ராஜராஜ சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித்தான்.

கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் மேல்தளத்து உள்சுற்றில் கரணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கரணம் என்றால் கையும் காலும் சேர்ந்த ஓர் ஆடல் அசைவு. சிவனே நான்கு கைகளோடு ஆடிக் காட்டுகிறார். நான் பாடம் நடத்திய காலத்தில், அதில் ஒன்றின் படத்தை ஒரு மாணவரிடம் கொடுத்து, பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். படத்தைப் பார்க்காத இன்னொருவர், எழுதியதைப் படித்து அப்படியே நிற்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

ஒரு பெண் எழுதினாள்: "இறைவன் எழிலார்ந்த கோலத்தில் நளினமாகக் காலைத் தூக்கி ஆடுகிறார்." நிற்க வந்த பையன் கேட்டான், "எந்தக் காலை?" "இடது" என்றாள். தூக்கினான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். படத்தில் அவளுக்கு இடப்பக்கமாகத் தெரிந்த கால் சிவனுக்கு வலது கால்! "மிச்ச ரெண்டு கைக்கு நான் எங்கே போவேன்?" என்று அவன் கேட்க, வகுப்பே சிரித்தது. சிற்பத்தை விவரிக்கும்போது இடது வலது எல்லாம் அந்த உருவத்தின் இடது வலதுதான் என்பதை அன்றைக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் அதே பெண் திருத்தி எழுதி வந்தாள். எழிலார்ந்த போய்விட்டது, நளினமும் போய்விட்டது. "அவருடைய வலது முழங்கால் இடுப்பு உயரத்துக்கு மடங்கியிருக்கிறது. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. உடலின் பாரம் முழுவதும் மடங்கிய இடது காலில்." பையன் சரியாக நின்றான். பத்து விநாடியில் விழுந்தான், அது வேறு விஷயம்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள் இட்ட ஆணை விமானத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. "நாங்குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்கிறது. அக்கன் என்பது குந்தவை. முதலில் தான், அடுத்து அக்கா, அப்புறம்தான் மனைவியர். குடும்பத்துக்குள் யார் எங்கே நிற்கிறார் என்பதை ஒரே வாக்கியம் சொல்லிவிடுகிறது. அலங்காரம் ஒன்றுமில்லை. நம் அரசாணைகளை எழுதுகிறவர்கள் இதை ஒரு தடவை படித்தால் எனக்குச் சந்தோஷம்.

இசைத் தாள் திருச்சுற்று மதிலில் இருக்கிறது. திருப்பதியம், அதாவது தேவாரம், பாட பிடாரர்கள் என்ற 48 ஓதுவார்கள், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்குறுணி நெல். இன்னொரு கல்வெட்டில் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின், பட்டியல். எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன பெயர் என்று தபால்காரர் கையில் கொடுக்கலாம் போன்ற விலாசம். ஒருவருக்குப் பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கூடவே நட்டுவம் செய்வோர் (ஆட்டத்தை நடத்துகிறவர்கள்), வீணை, வங்கியம் என்ற குழல் வாசிப்போர், ஆரியம் (வடமொழி) பாடுவோர், தமிழ் பாடுவோர், ஒரு தையல்காரர்கூட உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 குறுணி ஒரு கலம். அப்படியானால் முக்குறுணி என்பது கால் கலம். ஒரு வருஷத்துக்குப் பாடுகிறவருக்குச் சுமார் 91 கலம், ஆடுகிறவருக்கு 100 கலம், அதோடு வீடு. இசை வரலாறு என்றால் ராகப் பெயர்களை மனப்பாடம் செய்வது என்று நினைத்து வந்தவர்கள் இந்த நெல்லையும் அளந்தாக வேண்டும். அளந்த மரக்காலின் பெயர் என்ன தெரியுமா? ஆடவல்லான். மேல்தளத்தில் ஆடுகிறாரே, அவர் பெயர்தான்.

பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். 1931இல், தொடங்கி இரண்டே ஆண்டான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு வழிக்குள் போனார். சுவரில் இருந்தவை நாயக்கர் கால ஓவியங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில், அடியில் வேறு கோடுகள் தெரிந்தன. சோழர் காலத்து ஓவியம்! வெள்ளை யானையில் கயிலாயம் போகும் சுந்தரரும், குதிரையில் கூடவே போகும் சேரமானும் அப்படித்தான் நமக்குத் திரும்பக் கிடைத்தார்கள். பிறகு சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் வந்து சுண்ணத்தைச் சோதித்து, ஈரம் காயும் முன்பே வண்ணம் ஏற்றிய வேலை இது என்றார்.

அதே 1931இல் அதே பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் மட்டக்களப்புப் பக்கத்து விபுலானந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்த்துறைக்காரர் யாழின் நரம்புகளைக் கணக்கிட உட்கார்ந்தார். 1947இல் அது ‘யாழ் நூல்’ என்ற நூலாக அரங்கேறியது. இது உங்கள் துறை இல்லையே என்று அன்றைக்கு யாரும் அவரைத் தடுக்காதது நம் அதிர்ஷ்டம்.

கரணங்கள் 108. பெரிய கோயிலில் செதுக்கி முடித்தவை 81. மிச்சம் 27 இடங்களில் கல் வெறுமனே நிற்கிறது. ஏன் என்று எல்லா வருஷமும் ஒரு மாணவர் கேட்பார். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எனக்கு எதிலும் திருப்தி இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கல்லூரி வாசலில் பஸ் நிற்கும். உள்சுற்றுக்குள் பொதுவாக விடமாட்டார்கள், அதனால் ஏமாற வேண்டாம். கல்வெட்டு வெளியேதான் இருக்கிறது. சாய்வெயிலில்தான் எழுத்து நன்றாகத் தெரியும், தாமதமாக வராதீர்கள். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒரு கல்லின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். செல்போனைப் பஸ்ஸிலேயே விட்டுவிடலாம்.