காஷ்கர் சந்தையில் எந்த மணிக்கு எழுந்திருப்பது?

வணக்கம் மக்களே! காஷ்கர் வீடியோ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், இதோ. காட்சிகள் எல்லாம் அங்கே எடுத்தவை. பேச்சு மட்டும் ஊர் திரும்பிய பிறகு பதிவு செய்தது. காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் கடிகாரம். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான். ஆனால் காஷ்கர் இருப்பது நாட்டின் மேற்குக் கோடியில், கிட்டத்தட்ட நம் கோயம்புத்தூருக்கு நேர் வடக்கே. அதனால் அங்கு வாழும் உய்குர் என்ற முஸ்லிம் இன மக்கள் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தில்தான் தங்கள் நாளை நடத்துகிறார்கள். அது நம் இந்திய நேரத்தைவிட அரை மணிதான் அதிகம். பத்து மணிக்கு வா என்று யாராவது சொன்னால், எந்தப் பத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கால்நடைச் சந்தைக்குப் போனேன். ஊருக்கு வெளியே, ஒரே புழுதி. இந்த ஆடுகளைப் பாருங்கள், வால் பக்கம் கொழுப்பு மூட்டை மாதிரி தொங்குகிறது. எதிரெதிராகத் தலையைக் கோத்து ஒரே கயிற்றில் கட்டி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வாங்க வருபவர் முதலில் அந்தக் கொழுப்பை அமுக்கிப் பார்க்கிறார், அப்புறம்தான் பல்லைப் பார்க்கிறார்.

அந்த ஓரத்தில் இரண்டு பெரியவர்கள் கைகுலுக்குவது தெரிகிறதா? அது கைகுலுக்கல் இல்லை. சட்டைக் கைக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரல் பிடிப்பார்களே, அதேதான்! சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியக் கூடாது. நடுவில் ஒரு தரகர், இருவர் கையையும் இழுத்துச் சேர்த்துவைக்கப் படாதபாடு படுகிறார்.

சரி, சாப்பாடு. காலையில் தெருவே நான் ரொட்டி வாசம். அடுப்பு தரையோடு அமைந்த மண் தந்தூர், அங்கே தோனூர் என்கிறார்கள். மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் முள் அச்சால் குத்துகிறார்கள். அழகுக்கு மட்டுமில்லை, குத்தாவிட்டால் நடுப்பகுதி உப்பிவிடும். வெங்காயம், எள் தூவி, மெத்தை வைத்த பலகையில் ஏற்றி, இடுப்பு வரை குனிந்து அடுப்புச் சுவரில் ஒரே அறை. சம்சாவும் அதே அடுப்பில்தான், எண்ணெயில் பொரிப்பதில்லை. உள்ளே ஆட்டிறைச்சி, கொழுப்பு, வெங்காயம், சீரகம். சூடாகக் கடித்தால் சாறு முழங்கை வரை வழியும்.

மதியம் லக்மான். எண்ணெய் தடவி ஊறவைத்த மாவைக் கையாலேயே நீளமாக இழுத்து, பலகையில் அடித்து நூடுல்ஸ் ஆக்குகிறார்கள். மேலே ஆட்டிறைச்சி, தக்காளி, குடைமிளகாய். தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் நூடுல்ஸ் கேட்கலாம், பல கடைகளில் அதற்குக் காசு வாங்குவதில்லை. போலோ என்ற கேரட் புலாவும் பிரமாதம், ஆனால் என் ஓட்டு லக்மானுக்கே. சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். நான் ரொட்டி, முலாம்பழம், திராட்சை, அத்திப்பழம் என்று ஓட்டிவிடலாம்.

இப்போது, பேச்சை ஊர் திரும்பிப் பதிவு செய்த அந்தக் காரணம். நீங்கள் பார்க்கும் பழைய நகரத்தில் பெரும்பகுதி பழையது இல்லை. 2009 முதல் மண் வீடுகளை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். 1442-ல் தோன்றிய ஈத்கா மசூதிக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். உய்குர் மக்களைப் பெருமளவில் அடைத்துவைத்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. சீன அரசு அதை மறுக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ரொட்டிக்காரர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி “வாழ்க்கை எப்படி இருக்கிறது?” என்று கேட்பது அவரை வம்பில் மாட்டிவிடுவது. நான் கேட்கவில்லை. அதனால்தான் பேச்சை ஊர் திரும்பிய பிறகு பதிவு செய்தேன், இந்த வீடியோவில் யாருடைய பேட்டியும் இல்லை, சில முகங்களை மங்கலாக்கியும் இருக்கிறேன். ஆடல் பாடலைக் காட்டி “எல்லாரும் எவ்வளவு சந்தோஷம் பாருங்கள்” என்று தலைப்பு வைக்கும் வீடியோக்கள் எனக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று: கிளம்பும் முன்பே உங்கள் கார்டை அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் இணைத்துவிடுங்கள். முலாம்பழக் கீற்று விற்பவர்கூட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும், சோதனைக்குக் கேட்பார்கள். மற்ற சந்தேகங்களைக் கமெண்டில் போடுங்கள், பதில் சொல்கிறேன்.