மூடிலில் பாடக் கோப்பைப் புதுப்பிப்பது: பழையதற்குப் பக்கத்தில் புதியதை வைக்க வேண்டாம்

[திரையில்: ஒரு பாடநெறிப் பக்கம். மூன்றாம் வாரத்தின் கீழே நான்கு கோப்புகள்: "அலகு 3", "அலகு 3 புதியது", "அலகு 3 இறுதி", "அலகு 3 இறுதி திருத்தியது"]

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தப் பக்கத்தைப் பாருங்கள். நாளைக்குப் பரீட்சை. இந்த நான்கில் எதைப் படிப்பது? பிள்ளைக்குத் தெரியாது. நான்கையும் இறக்கிப் பார்த்தால்தான் உண்டு. வாகரையிலும் படுவான்கரையின் உட்கிராமங்களிலும் சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் போய் டவுன்லோட் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய டேட்டாவும் நேரமும் இதில் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இந்த வீடியோ.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பாடங்களை மூடிலில்தான் வைத்திருக்கின்றன. பாடங்களை இணையத்தில் வைத்து நடத்துவதற்காக 2002இல் வெளிவந்த இலவச மென்பொருள் இது. உங்கள் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ இருப்பதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் இடம் மாறலாம். வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

[திரையில்: பக்கத்தின் மேல் வலது மூலையில் "எடிட் மோட்" ஆன் ஆகிறது]

ஒரு விரிவுரைக் குறிப்பில் பிழை திருத்தியிருக்கிறீர்கள். இப்போது புதிதாக ஒன்றைச் சேர்க்கப் போகாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் "அலகு 3" என்ற உருப்படியின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, "எடிட் செட்டிங்ஸ்" போங்கள். கீழே கோப்புப் பெட்டி இருக்கும். திருத்திய கோப்பு பழைய பெயரிலேயே இருக்கட்டும். அதை அந்தப் பெட்டிக்குள் இழுத்துப் போடுங்கள். அதே பெயரில் ஒன்று இருக்கிறதே, மேலெழுதவா, பெயரை மாற்றவா என்று மூடில் கேட்கும். மேலெழுதச் சொல்லுங்கள். பிறகு சேமியுங்கள். அவ்வளவுதான்.

பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் மூடில் ஓர் எண் கொடுக்கிறது. முகவரி அந்த எண்ணில்தான் நிற்கிறது. உருப்படியை அழித்தால் எண்ணும் போய்விடும். போன மாதம் வட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட லிங்க் செத்துவிடும். படித்து முடித்ததாகப் பிள்ளைகளுக்கு விழுந்திருந்த குறியும் சேர்ந்தே போய்விடும். உள்ளே இருக்கும் கோப்பை மட்டும் மாற்றினால் லிங்க் அப்படியே இருக்கும்.

[திரையில்: கோப்புப் பெட்டிக்குள் இரண்டு கோப்புகள், ஒன்றின் பெயர் தடித்த எழுத்தில்]

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். "நான் புதியதைப் போட்டுவிட்டேன், ஆனால் பிள்ளைகளுக்குப் பழையதுதான் திறக்கிறது" என்று சொல்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர். காரணம் இந்தப் பெட்டிதான். புதிய கோப்புக்கு வேறு பெயர் இருந்தால் மூடில் எதையும் கேட்காது, இரண்டையும் வைத்துக்கொள்ளும். எது தடித்த எழுத்தில் தெரிகிறதோ அதுதான் பிரதான கோப்பு. பிள்ளை அழுத்தும்போது திறப்பது அதுதான். முதலில் போட்ட பழைய கோப்பே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே பழையதை அழுத்தி, பெட்டிக்குள்ளேயே நீக்கிவிடுங்கள். உருப்படியை அல்ல, உள்ளே இருக்கும் கோப்பை.

திருத்தம் நடந்தது பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே? அதைப் பக்கத்தில் தெரிகிற தலைப்பில் எழுதுங்கள்: "அலகு 3: மண் வளம், மார்ச் 12 திருத்தம்". குறிப்பின் முதல் பக்கத்திலும் அதே திகதியைப் போடுங்கள். பழைய பிரதியைப் போனில் இறக்கி வைத்திருப்பவர் அப்போதுதான் தன்னிடம் இருப்பது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அவர் போனில் இருப்பதை நாம் மாற்ற முடியாது.

சரி, ஒரே குறிப்பை மூன்று பாடநெறிகளில் பயன்படுத்துகிறீர்கள் என்று வைப்போம். ஒரே கோப்பை மூன்று இடத்தில் ஏற்றினாலும் சேர்வரில் அது ஒருமுறைதான் சேமிக்கப்படுகிறது. 2010இல் வந்த மூடில் 2.0இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இரண்டும் மாறாது. மூன்றும் சேர்ந்து மாற வேண்டுமென்றால், கோப்பை முதலில் உங்கள் "பிரைவேட் பைல்ஸ்" பகுதியில் வையுங்கள். பாடநெறியில் சேர்க்கும்போது அங்கிருந்து எடுத்து, பிரதி எடுக்காமல் "ஷோட்கட்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்புறம் பிரைவேட் பைல்ஸில் அதே பெயரில் ஒருமுறை மேலெழுதினால் போதும், மூன்று இடத்திலும் புதியது வந்துவிடும்.

தவறுதலாக உருப்படியையே அழித்துவிட்டால் பதற வேண்டாம். பாடநெறிக்குள் ரீசைக்கிள் பின் இருக்கிறது. உங்கள் நிறுவனம் அமைப்பை மாற்றாதிருந்தால் 7 நாட்கள் வரை மீட்டெடுக்கலாம்.

[திரையில்: ஒரு போன். வேர்ட் கோப்பு திறக்கிறது, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்]

இது நம் ஊர்களில் அடிக்கடி வருகிற பிரச்சினை. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த வேர்ட் கோப்பு. உங்கள் கணினியில் அழகாகத் தெரியும். பாமினி இல்லாத பிள்ளையின் போனில் இப்படித்தான் வரும். பி.டி.எப். ஆக மாற்றினால் எழுத்துரு உள்ளேயே சேர்ந்து போய்விடும், வாசிக்க முடியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான் என்பதால் தேட முடியாது. "நைதரசன்" என்று தட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. என் அபிப்பிராயம், எப்படியும் திருத்தப் போகிற குறிப்பு என்றால் அந்த நேரத்திலேயே, எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பின் கொம்பும் காலும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பவர்பொயின்டை அப்படியே ஏற்றுவதும் வேண்டாம். போனில் எடுத்த பத்துப் படங்களை அப்படியே ஒட்டினால் கோப்பு 40 எம்.பி.யைக்கூடத் தாண்டிவிடலாம். "கம்ப்ரஸ் பிக்சர்ஸ்" கொடுத்து, பி.டி.எப். ஆகச் சேமித்தால் அளவு பெருமளவு இறங்கும். வீடியோவை மூடிலில் ஏற்றாமல் யூடியூபில் வைத்து லிங்க் கொடுங்கள். இணைப்பின் வேகத்துக்கு ஏற்பத் தரத்தைக் குறைத்துப் பார்க்கப் பிள்ளைக்கு அங்கே வழி இருக்கிறது.

[திரையில்: பெயருக்குப் பக்கத்து மெனு, "ஸ்விட்ச் ரோல்", "ஸ்டூடன்ட்"]

கடைசியாக, சேமித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். மேலே உங்கள் பெயரை அழுத்தி, மாணவர் பாத்திரத்துக்கு மாறி, அந்த உருப்படியைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் புதிய திகதி தெரிகிறதா? தெரிந்தால் வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள்: "அலகு 3 திருத்தப்பட்டுள்ளது, 7ஆம், 9ஆம் பக்கங்கள் மட்டும் மாறியுள்ளன". எந்தப் பக்கம் மாறியது என்று சொல்லிவிட்டால், பழைய பிரதி வைத்திருக்கும் பிள்ளை அந்த இரண்டு பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும்.