கப்பல் ஏறிப் போன சமையல் திரும்பி வந்த கதை

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல புளோரிடா கடலோரத்துல செயின்ட் அகஸ்டின்னு ஒரு பழைய துறைமுக ஊரு இருக்கு. 1565ல ஸ்பெயின்காரங்க உண்டாக்குன ஊரு. கிளிஞ்சலெல்லாம் ஒட்டி இறுகிப்போன கோகினாங்கற கல்லுல ஒரு கோட்டை, 1672ல ஆரம்பிச்சு 1695 வரைக்கும் கட்டுனாங்க, 1702ல இங்கிலீஷ்காரங்க வந்து ஊரையே கொளுத்திட்டுப் போனாங்க, ஆனா கோட்டை மட்டும் விழல. அந்தக் கோட்டையில இருந்து செயின்ட் ஜார்ஜ் தெருவுல நடந்து வந்தா கொலம்பியான்னு ஒரு ஸ்பானிஷ் ரெஸ்டாரன்ட். கலர் டைல்ஸ், முற்றம், நீரூற்று. பார்த்த உடனே யாருக்கும் தோணும், 1565ல மூட்டுன அடுப்பு இன்னும் அணையலன்னு.

அப்படி இல்லீங்க. அந்த அடுப்பு நடுவுல அணைஞ்சு போச்சு. அத சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்.

1762ல இங்கிலாந்து, ஸ்பெயின் கையில இருந்த கியூபாவோட ஹவானா துறைமுகத்த பிடிச்சிருச்சு. ஸ்பெயினுக்கு ஹவானா உசுரு மாதிரி. அத திரும்ப வாங்க 1763ல புளோரிடாவ அப்படியே தூக்கிக் குடுத்துட்டாங்க. ஊர்ல இருந்த கிட்டத்தட்ட 3,000 பேரும் சாமான் சட்டியோட கப்பல் ஏறிட்டாங்க, பெரும்பாலும் கியூபாவுக்கு. அப்புறம் ஸ்பெயின் திரும்ப வந்துச்சு, 1821ல மறுபடி விட்டுட்டுப் போச்சு, அது வேற கதை.

சரி, அப்ப இந்த கொலம்பியா எங்கருந்து வந்துச்சு? புளோரிடாவோட அந்தப் பக்கம், டாம்பாவுல இருந்து. 1886 வாக்குல விசென்டே மார்டினெஸ் ஈபோர்னு ஒரு சுருட்டு முதலாளி அங்க ஃபேக்டரி வச்சாரு, அவர் பேர்லயே ஈபோர் சிட்டின்னு ஒரு ஊரே வளந்துச்சு. கியூபாக்காரங்க, ஸ்பெயின்காரங்க, இத்தாலியோட சிசிலித் தீவுக்காரங்கன்னு ஆயிரக்கணக்குல வந்து உக்காந்து சுருட்டு சுத்துனாங்க. அங்க லெக்டோர்னு ஒருத்தர் உண்டு, எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும், உசரமான மேடையில உக்காந்து காலையில பேப்பர், அப்புறம் நாவல்னு சத்தமா வாசிப்பாரு, ஆயிரம் கை சுருட்டு சுத்திக்கிட்டே கேக்கும், அவருக்கு சம்பளம் முதலாளி குடுக்கல, தொழிலாளிங்களே காசு போட்டுக் குடுத்தாங்க. 1931ல முதலாளிமாருங்க அத நிறுத்திட்டாங்க.

இந்த ஜனங்களுக்குத்தான் காசிமிரோ ஹெர்னாண்டஸ்னு கியூபாவுல இருந்து வந்தவரு 1905ல ஒரு மூலைக் கடை போட்டாரு. காப்பி, சாண்ட்விச், அவ்வளவுதான். அதுதான் கொலம்பியா. இன்னைக்கு ஒரு முழு பிளாக்குக்கு வளந்து நிக்குது, 15 டைனிங் ரூம், 1,700 பேர் உக்காரலாம், இன்னும் அதே குடும்பம் நடத்துது.

அந்த சாண்ட்விச்ச கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. ஹாம், கியூபா பக்குவத்துல ஊற வச்சு வாட்டுன பன்னிக்கறி, சீஸ், ஊறுகா வெள்ளரி, கடுகு சாஸ், கூடவே இத்தாலியன் சலாமி. மயாமி ஆளுங்க கியூபன் சாண்ட்விச்ல சலாமி போட மாட்டாங்க, அது இல்லாம டாம்பாக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, ஏன்னா சிசிலிக்காரன் பக்கத்து பெஞ்சுல உக்காந்து சுருட்டு சுத்துனவன். ரொட்டி லா செகுண்டாங்கற பேக்கரியில இருந்து வருது, 1915ல ஆரம்பிச்சது, மாவு மேல ஒரு பனை ஓலைக் கீத்த நீளமா வச்சு சுடுவாங்க, அந்தக் கோட்டுலயே ரொட்டி வெடிச்சு பிளக்கும். கத்தியால கீறுறதுக்குப் பதிலா ஓலை. கருப்பு பீன்ஸ் சூப்புக்கு அடிப்படை வெங்காயம், பூண்டு, குடமிளகா, ஆலிவ் எண்ணெயில நல்லா வதக்கணும், அந்த வதக்கல்ல அவசரப்பட்டா சூப்பு பாழ்.

இந்தக் கொலம்பியாதான் 1983ல செயின்ட் அகஸ்டின்ல கிளை திறந்துச்சு. 1763ல கிளம்பிப் போன அதே குடும்பங்க திரும்பி வந்ததுன்னு நான் சொல்லல. ஆனா ஸ்பெயின் சமையல் இந்த ஊர விட்டு கியூபாவுக்கு கப்பல் ஏறுச்சு, கியூபாவுல இருந்து சுருட்டுத் தொழிலாளிங்க சோத்துல டாம்பாவுக்கு வந்துச்சு, அங்க இத்தாலிக்காரனோட சேந்துச்சு, 220 வருஷம் கழிச்சு அதே தெருவுக்குத் திரும்பி வந்துச்சு. அங்க 1905ன்னு பேர் வச்ச சாலட் கேட்டா வெயிட்டர் மேசைக்கே பெரிய மரக்கிண்ணத்தோட வந்து, ஹாம், ஆலிவ், இத்தாலியன் ரொமானோ சீஸ், பூண்டு டிரெஸ்ஸிங் எல்லாம் போட்டு நம்ம கண்ணு முன்னாடியே கிளறுவாரு. கோட்டையோட வருஷம் இல்லீங்க அது, மூலைக் கடையோட வருஷம்.