முறுக்குப் பெட்டியும் ஓட்டுப் பெட்டியும்

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியவர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். மக்களாட்சிக்கு மின்னணுக் கலை, அதாவது மின்னணுக் கருவிகளை வைத்துச் செய்கிற கலை, கண் கொடுத்ததா, வெறும் கண்காட்சியா என்பது தலைப்பு. கண் கொடுத்தது என்கிறேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "உள்ளே தெரிகிற பெட்டியில் சீட்டுப் போட்டால் கலையா? அப்படியென்றால் நம்ம பலகாரக் கடை முறுக்குப் பெட்டியும் கலைதான்!" கை தட்டினீர்கள். சரி, அந்தப் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1970. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம். ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர் கண்ணாடி மாதிரி இரண்டு பெட்டி வைத்தார், விழுகிற சீட்டை மின்கண், அதாவது ஒளியை வைத்து உணர்கிற கருவி, எண்ணியது. கேள்வி என்ன தெரியுமா? அமெரிக்க அதிபர் நிக்சனின் இந்தோசீனக் கொள்கையை, அதாவது வியட்நாம் பக்கம் நடத்திய போரை, நியூயார்க் ஆளுநர் ராக்பெல்லர் கண்டிக்கவில்லையே, அதற்காக நவம்பர் தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போடாமல் இருப்பீர்களா? அந்த ராக்பெல்லர் யார்? அதே அருங்காட்சியகத்தின் அறங்காவலர்! கோயில் அறங்காவலரைப் பற்றிய கேள்வியை அந்தக் கோயில் உண்டியல் பக்கத்திலேயே எழுதி வைத்த மாதிரி! உண்டியலாவது மூடியிருக்கும், இங்கே வருகிறவர் கண்முன்னே 'ஆமாம்' பெட்டி ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, ஆளுநர் குடும்பம் வளர்த்த இடத்திலேயே ஏறுகிறது! கடைசியில் ஆமாம் 25,566, இல்லை 11,563.

அண்ணே, முறுக்குப் பெட்டிக்கு எதற்குக் கண்ணாடி? முழுசா, நொறுங்கியதா, எத்தனை மிச்சம் என்று வாங்குகிறவர் பார்க்கத்தானே? கடைக்காரர் நமக்குத் தருகிற அந்த மரியாதையைத்தான் ஹாக்கே ஓட்டுக்கும் கேட்டார். நீங்கள் கிண்டலுக்குச் சொன்னீர்கள், எனக்கு அதுவே சாட்சி.



என் அப்பத்தா ஒரு தேர்தலையும் விட்டதில்லை. சீட்டை மடித்துத் தன் கையால் பெட்டியில் போட்டுப் பழகியவள். மிஷின் வந்த வருஷம் பொத்தானை அழுத்தினாள், பீப் சத்தம் கேட்டது, ஆனாலும் வீடு வரைக்கும் "என் ஓட்டு விழுந்துச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். விழுந்துச்சு அப்பத்தா என்றேன். "நீ பாத்தியா?" என்றாள். என்னத்தைச் சொல்ல!

2019 மக்களவைத் தேர்தலில், மிஷின் பக்கத்துக் கண்ணாடிக்குள் நான் போட்ட சின்னம் சீட்டில் தெரிந்தது. 7 விநாடி. அப்பத்தா போய்ச் சேர்ந்திருந்தாள். அந்த 7 விநாடியும் அவளுக்காகக் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.